இரண்டு மூடி இருமல் மருந்து

பிள்ளைகள் போதைக்கு அடிமையாவதற்குக் காரணம் என்ன என்று அவர் மேடையில் நின்று விளக்கிக்கொண்டிருந்தபோது, என் அம்மா பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆரியசாலைப் பக்கம் எங்கள் சமுதாயத்துக்கு ஒரு மண்டபம் உண்டு. அன்றைக்கு ஆண்டு விழா. விளக்கேற்றி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி எல்லாம் முடிந்தபின் மைக் அவர் கைக்கு வந்தது. "காரணம் போலீசும் இல்லை, சர்க்காரும் இல்லை. பெற்றவள்தான் காரணம். தாய் ஒழுங்காக வளர்த்தால் பிள்ளை எதற்குப் போதையைத் தேடிப் போகிறான்?" என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. கைதட்டிய பெண்கள் அதே சூட்டோடு திரும்பி என் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா மடியிலிருந்த சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள், மறுபடி பிரித்தாள். விழா முடியும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அவர் சாலைக் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். என் தம்பி குடித்த போதை முழுவதும் அந்தக் கடையிலிருந்து வந்தது. சுற்றி வளைத்துச் சொல்கிற பொறுமை எனக்கு இல்லாததால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை நினைத்தால் எனக்கு வருத்தம் வராது. வயிறுதான் எரியும். இத்தனை வருஷம் கழித்து, இதை எழுதுகிறபோதும் எரிகிறது.

எங்களுடையது மிளகாய் வத்தல் மொத்தக் கடை. என் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து திருவனந்தபுரத்தில் காலூன்றிய குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கடையில் இரண்டும் கலந்து ஒரு பேச்சு. கடைக்குப் பின்னால் கிடங்கு. லாரியில் மூட்டை வந்து இறங்குகிற நாளில் அந்தச் சந்தில் நாய்கூட நிற்காது. சாக்கைத் தரையில் போட்ட மாத்திரத்தில் சிவப்பாக ஒரு தூசி கிளம்பும். மூக்கில் ஏறினால் தும்மல், தொண்டையில் இறங்கினால் இருமல், கண்ணில் பட்டால் அன்றைய பொழுது போச்சு. சுமட்டுத் தொழிலாளிகள் தோர்த்துத் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதன்பிறகு சாக்கைப் பிரித்துக் கொட்டி, சலித்து, தரம் பிரிக்கிறவர்கள்தான் நாள் முழுக்க அந்தத் தூசிக்குள் இருக்க வேண்டும்.

ஒரு தடவை லோடு வந்த நாளில், வேலையாட்கள் இருமி இருமி வேலையே நின்றுபோன நேரத்தில், மருந்துக்கடைக்காரர் எங்கள் கடைக்கு வந்திருக்கிறார். அப்பாவிடம் அவர் சொன்னதை அப்பாவே வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார்.

"லோடு இறங்குற நாள்ல ஆளுக்கு ரெண்டு மூடி குடுங்க அண்ணாச்சி. இருமல் நிக்கும், வேலையும் ஓடும். மருந்தாக்கும், வேற ஒண்ணும் இல்லே."

அன்றிலிருந்து எங்கள் கிடங்கில் அது வழக்கமாகிப்போனது. மற்ற கடைகளில் வேலையாட்களுக்குச் சாயா வாங்கிக் கொடுப்பார்கள். எங்கள் கடையில் சாயாவோடு இருமல் மருந்தும் உண்டு. அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அவர் கடையிலிருந்து வரும். டாக்டர் சீட்டுக் கேட்க மாட்டார், பில் சீட்டுக் கொடுக்கவும் மாட்டார். நம்ம ஆள் அல்லவா! அதில் அபின் வகையைச் சேர்ந்த சரக்கு ஒன்று கலந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். மருந்து விற்பதற்காகப் படித்து, சர்க்கார் லைசென்ஸைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தவர் அவர்.

தம்பி பிரீடிகிரி முடித்திருந்தான். மேலே படிக்க அவனுக்கு ஆசை இருந்தது. கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் சித்தப்பா கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதால், "ஒரு வருஷம் உக்காருல, பெறகு காலேஜைப் பாப்போம்" என்று அப்பா அவனைக் கிடங்கில் உட்காரவைத்தார். அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தூசி ஆகாது. போன முதல் வாரமே இருமிக் குடலைக் கக்கினான். அப்பா மருந்தைக் காட்டினார். குடித்தான், இருமல் நின்றது. லோடு வந்த நாளில் மட்டும் குடித்தவன் தினமும் குடிக்க ஆரம்பித்தான்.

எங்கள் வீட்டில் குடிக்கு இடம் கிடையாது. கள் வாடை அடித்தது என்று ஒரு கணக்குப்பிள்ளையை அப்பா நின்ற நிலையில் வெளியே அனுப்பியிருக்கிறார். வெற்றிலை பாக்குக்கூட முகம் சுளித்துத்தான் அனுமதிப்பார். அந்தப் பெருமையே எங்கள் கண்ணைக் கட்டியது. சாராயம் வருகிறதா, சிகரெட் வருகிறதா என்று வாசலில் காவல் காத்தோம். போதை அட்டைப்பெட்டியில், எங்கள் செலவில், எங்கள் கிடங்குக்கே வந்து இறங்கியது.

தம்பி அமைதியானான். முன்பெல்லாம் காலேஜ் காலேஜ் என்று அப்பாவோடு மல்லுக்கு நின்றவன், இப்போது சொன்னதற்குத் தலையாட்டினான். சாயாவுக்குச் சர்க்கரை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டான். மத்தியானம் சாக்கின் மேல் சாய்ந்து தூங்கினான். "பயலுக்குப் பொறுப்பு வந்துட்டு" என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு வீட்டில் இருக்கிறபோது அவனுக்கு மூக்கு ஒழுகும். கண்ணில் தண்ணீர் வடியும். விடாமல் தும்முவான், கொட்டாவி விடுவான், உடம்பை முறுக்குவான். மற்ற வீடாக இருந்தால் யாராவது இது என்ன என்று யோசித்திருப்பார்கள். வத்தல் கடைக்காரன் வீட்டில் மூக்கு ஒழுகுவதை யார் நோயென்று பார்ப்பார்கள்? கிடங்குத் தூசி உடம்பில் தங்கிவிட்டது என்று நினைத்தோம். கிடங்கில் இருக்கும்போது நன்றாக இருக்கிறான், வீட்டில் இருக்கும்போது தும்முகிறானே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அம்மா அலமாரியைத் திறந்து அதே மருந்தை எடுத்து, மூடியில் ஊற்றி, "குடிச்சிரு மக்களே" என்று அவன் வாயருகே பிடிப்பாள். குடித்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். "பாத்தியா, நல்ல மருந்து" என்பாள் என்னிடம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளி லேடி டாக்டர்தான் முதலில் கண்டுபிடித்தார். லாரி வராத ஒரு வாரம் மருந்தும் தீர்ந்துபோய், தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டபோது அங்கே கொண்டுபோனோம். டாக்டர் அவனிடம் தனியாகப் பேசிவிட்டு வெளியே வந்தார்.

"அம்மே, இது ஜலதோஷம் அல்ல. அந்த மருந்து கிட்டாததுகொண்டாணு இப்படி" என்றார்.

மூக்கு ஒழுகியதும் தும்மியதும் தூசியால் இல்லை, மருந்து கேட்டு உடம்பு அழுதது என்று பிறகு பொறுமையாக விளக்கினார். அம்மா "ஞானாணு, நான்தான் ஊற்றிக் கொடுத்தது டாக்டரே" என்று மட்டும் சொன்னாள். தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்தக் கையால் அவள் சில நாள் அவனுக்குச் சோறுகூடப் போடவில்லை. என்னைப் போடச் சொன்னாள்.

அப்பா மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கேட்டாரா? கேட்டார். அதைக் கேள்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "என்ன அண்ணாச்சி, இப்படி ஆயிட்டே" என்று அவர் கடை வாசலில் நின்று கண் கலங்கியிருக்கிறார். மருந்துக்கடைக்காரரோ, "அளவு மீறினா சோறும் விஷமாக்கும் அண்ணாச்சி. நாம பெட்டியைக் குடுத்தோம். குடின்னு வாயில ஊத்தினோமா?" என்று தோளில் தட்டி அனுப்பினார். அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். சட்டையைப் பிடிக்க வேண்டிய இடத்தில் தலையாட்டிவிட்டு வந்த அப்பாவையும் நான் மன்னித்ததில்லை. அவர் இருந்தபோதே அவர் முகத்துக்கு நேராக இதைச் சொல்லியிருக்கிறேன்.

சிகிச்சை நடந்தது. தம்பி தேறினான், கொஞ்சம் சதை போட்டான், என்னோடு சங்குமுகம் கடற்கரைக்கு வந்து கடலை கொறித்தான். மறுபடியும் சறுக்கினான். எங்கள் கிடங்குக்குப் பெட்டி வருவது நின்றுவிட்ட பிறகு எங்கிருந்து கிடைக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் அப்போது ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, சாலைக் கடைத்தெரு வழியாக நடந்து வந்தேன். மருந்துக்கடையின் பக்கவாட்டுக் கதவில் தம்பி நின்றான். உள்ளேயிருந்து ஒரு கை பத்திரிகைக் காகிதத்தில் சுற்றிய பாட்டிலை நீட்டியது. விரலில் நவரத்தின மோதிரம். அந்த மோதிரம் யாருடையது என்று கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். டாக்டர் சொன்ன பிறகும், அப்பா போய் அழுத பிறகும், எல்லாம் தெரிந்தேதான் கொடுத்தார். அந்த நிமிஷத்தில் தீர்மானித்தேன், இந்த மனுஷனைச் சும்மா விடக்கூடாது என்று.

அதற்குப் பிறகுதான் அந்த ஆண்டு விழா, அந்தப் பேச்சு. விழா முடிந்த பின் அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். "வளர்ப்பு சரியில்லேன்னு அவ்வளவு பேர் முன்னால சொல்லிட்டாரே. சொன்னது பொய்யில்லியே, நான்தானே குடுத்தேன்" என்று அடுப்படியில் தனக்குத்தானே பேசிக்கொள்வாள். தம்பியைக் கெடுத்ததோடு அவர் நிறுத்தியிருந்தால்கூட என் பழி ஒருவேளை கிடப்பில் கிடந்திருக்கும். பழியைத் தூக்கி அம்மா தலையில் வைத்தாரே, அதை என்னால் தாங்கமுடியவில்லை.

எனக்கு வந்த வரன்கள் தம்பியைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில் மருந்துக்கடைக்காரரே எங்கள் கடைக்கு வந்து அப்பாவிடம் பேசினார். அவர் மகன் பேங்கில் வேலை பார்த்தான். "உங்க மகளை எங்க வீட்டுக்குத் தாங்க அண்ணாச்சி. தம்பி விஷயம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லே. நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு அல்லே?" என்றாராம். எங்கள் வீட்டுக்குத் தீ வைத்தவர் தண்ணீர்ப் பந்தல் வைக்க வந்துவிட்டார். சம்பந்தி ஆகிவிட்டால் எங்கள் வாய் அடைந்துவிடும் என்ற கணக்கு அது என்று நான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்பா ஆனந்தத்தில் கண்ணீர் விட்டார். பெண் பார்க்க வரட்டும் என்று நான் உடனே சம்மதித்தேன்.

அம்மா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மனசார சொல்லுதியாட்டி?" என்றாள்.

"மனசாரத்தான்மா" என்றேன். அது பொய்யில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ராகுகாலத்துக்கு முன்னால் வந்தார்கள். அவர், அவர் மனைவி, மகன். எங்கள் பக்கத்தில் துணைக்கு அடுத்த வீட்டு அக்காவை அம்மா கூப்பிட்டிருந்தாள். தம்பியைப் பின்னறையில் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தாள். அவனும் மறுபேச்சுப் பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டான். நான் பட்டுச்சேலையும் பூவுமாக அடுப்படியில் நின்றேன். கேசரி தயார், பஜ்ஜி தயார். டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருந்தது.

இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தேன். நன்றாகக் காய்ந்ததும், எங்கள் கடையிலேயே காரத்தில் முதலாவதான வத்தலை இரண்டு கையாலும் அள்ளி, எண்ணெய் விடாமல் போட்டேன். கொல்லைக் கதவைச் சாத்தினேன். புகை வேறு வழியில்லாமல் முன்னறைக்குப் போனது. அங்கே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு அந்த நெடி பழகிப்போன ஒன்று. விருந்தாளிகளுக்கு அப்படி இல்லை. முதலில் அந்த அம்மாள் தும்மினாள். பிறகு அவர் இருமினார். மகன் இருமத் தொடங்கினான், அவனால் நிறுத்தவே முடியவில்லை.

"என்னட்டி கரியுது?" என்று அம்மா முன்னறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"சட்னிக்கு வத்தல் வறுத்தேன்மா" என்று சொல்லிக்கொண்டே தட்டை எடுத்தேன். தட்டில் காப்பி டம்ளர்கள். நடுவில் ஒரு பாட்டில் இருமல் மருந்து. அதன் மூடியில் மருந்தை நிறைய ஊற்றி வைத்திருந்தேன். தம்பியின் தலையணைக்குள்ளிருந்து எடுத்த பாட்டில் அது.

நேராக அவர் முன்னால் போய்க் குனிந்து நீட்டினேன். "மாமா, இருமலுக்கு ரெண்டு மூடி குடிங்க. மருந்தாக்கும், வேற ஒண்ணும் இல்லே."

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்க முயன்றார். "வேண்டாம்மா. கொஞ்சம் வெள்ளம் மதி, தண்ணி போதும்" என்றார்.

"ஏன் மாமா? உங்க கடை மருந்துதான்."

"ஏ பிள்ள!" என்று அப்பா பல்லைக் கடித்தார். நான் அசையவில்லை. அவர் குடித்தாலும் எனக்கு வெற்றி, மறுத்தாலும் வெற்றி என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அடுத்து நடந்தது என் கணக்கில் இல்லை. பக்கத்தில் கண்ணெல்லாம் சிவந்து, மூச்சுக்குத் திணறி இருமிக்கொண்டிருந்த அவர் மகன் தட்டுக்குக் கை நீட்டி அந்த மூடியை எடுத்தான். வாயருகே கொண்டுபோனான்.

"தொடாதல!"

தெருவுக்கே கேட்டிருக்கும். மகனின் கையை அவர் ஓங்கி அடித்தார். மூடி பறந்தது. தட்டு என் கையிலிருந்து நழுவி, காப்பியும் மருந்தும் கண்ணாடிச் சில்லுமாகத் தரை முழுக்கச் சிதறியது. "ஒரு தடவை பிடிச்சா விடாதுல அது, மூதேவி! உயிரைக் குடிச்சிரும்!" என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. அவர் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். அடுத்த வீட்டு அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. தம்பி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எலும்பும் தோலுமாக, கசங்கின கைலியோடு, முகச்சவரம் செய்யாமல். அவன் குரலில் கோபமே இல்லை.

"மாமா, இதை எங்கிட்டயும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்லா."

அவரை அவன் பார்க்கவில்லை. அவன் கண் தரையில் சிந்திக் கிடந்த மருந்தின் மேலேயே இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த வெற்றி கையிலேயே கசந்துபோனது. ஆனாலும் செய்ததற்காக நான் வருந்தவில்லை.

அவர்கள் எழுந்து போனார்கள். அடுத்த வீட்டு அக்கா அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆரியசாலை முழுக்கச் சொல்லி முடித்தாள், அவள் நன்றாக இருக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில் அவரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அம்மாவைப் பார்த்தால் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவ்வளவுதான். கடை மூடவில்லை, லைசென்ஸ் சுவரிலிருந்து இறங்கவில்லை, மோதிரமும் விரலை விட்டுப் போகவில்லை. பழிவாங்கினால் நெஞ்சு ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. இன்னும் கொஞ்சம் செய்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. பிறகு எனக்கு நாகர்கோவிலில் இடம் அமைந்தது, கல்யாணமாகிப் போய்விட்டேன்.

தம்பி அதற்குப் பின் சில மழைக்காலம் இருந்தான். மருந்திலிருந்து மாத்திரைக்கும், மாத்திரையிலிருந்து ஊசிக்கும் போனான். ஒரு நாள் போயே விட்டான்.

சாவு வீட்டுக்கு அவர் வந்தார். ஊர் வாய்க்குப் பயந்து வந்திருப்பார். கூட்டம் விலகி வழிவிட்டது. நான் எழுந்தேன், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற எண்ணத்தோடுதான் எழுந்தேன். அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அழுது வீங்கிய முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூந்தலை முடிந்துகொண்டு, வீட்டுக்கு வந்தவரை விசாரிக்கிற அதே மரியாதையோடு அவரைக் கேட்டாள்.

"உங்க மகன் சுகமா இருக்கானா?"

அவர் மாலையைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அன்றோடு அம்மா விட்டுவிடவில்லை. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவள் மறுபடி கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள், கல்யாண வீடுகளுக்கு முதல் ஆளாகப் போனாள். பந்தியில், பஸ் ஸ்டாண்டில், கோட்டை வாசலில், எங்கே அவரைக் கண்டாலும் பக்கத்தில் போய் நிற்பாள். வேறு ஒரு சொல் பேச மாட்டாள். உங்க மகன் சுகமா இருக்கானா? பதில் வரும்வரை நகரவும் மாட்டாள். சுற்றி நிற்கிற அத்தனை பேரும் கேட்க, அவர் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு, "சுகமா இருக்கான்" என்று சொல்லியாக வேண்டியிருந்தது.